படகுத்துறைப் பக்கம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் தையல் மிஷினும் சுகம். உங்கள் சளி விட்டதா, சம்பந்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஊர் வந்து கடையைத் திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு வேன்காரர். தொழிலையே விட்டுவிட்டேனோ என்று பயந்துபோனாராம். வெளிநாடு போயிருந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவளும் ஒருநாள் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்ப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சரி, படத்தைக் காட்டி நம்பவைக்கலாம் என்று போனை எடுத்தால் கதை கந்தல். மலையுச்சி இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல். மணிக்கூண்டு இருக்க வேண்டிய இடத்திலும் அதே கட்டைவிரல். உங்களை நிற்கவைத்து எடுத்ததில் உங்கள் செருப்பு மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.

மனசில் இருக்கிறதே, போதாதா என்று பார்த்தேன். போதாது. நேற்று பஞ்சு திணித்துக்கொண்டே அந்த விடுதிக்கார அம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மூக்கு வருகிறது, கண் வரவில்லை. போய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கதி. அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கைப்பையில் சேர்த்துவைத்த படகு டிக்கெட், சர்க்கரைப் பொட்டலம், காய்ந்த இலை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டியிருக்கிறேன். ரெக்சினில் அட்டை, கான்வாஸில் பக்கங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஒரு பை வைத்து ஆல்பம் தைக்கப் போகிறேன். லாரி ஏறினாலும் கிழியாது.

ஆனால் டிக்கெட் பேசாது. யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி மாட்டிப் பழகிய உங்கள் காதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி அனுப்புவீர்களா?

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சம்பந்திக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் நாம் இருவர் மட்டும்தான் போகிறோம் என்று ஆனபோது நானும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நாம் "சௌக்கியமா, சாப்பிட்டீர்களா" தவிர வேறு பேசியதுண்டா? இப்போது பாருங்கள், உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் மிஷின் தூங்குகிறது.

என் பாப்பாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்கு அடுத்த தெருவில் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி போய்விட்டது, குரல்தான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இவருடைய முழங்கால் மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடுகிறது. குனிந்தே தைத்துத் தைத்துக் கழுத்து வலிக்கிறது என்று பயணத்தில் சொன்னீர்களே, தைலம் தடவுகிறீர்களா?

இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்று நீங்கள் கேட்காததற்கு நன்றி. என் ஆயுசில் பாதி, அடுத்தவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தே போய்விட்டது. இப்போது போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடத் தோன்றுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

விடுதிக்கார அம்மாளின் கண் சாம்பல் நிறம், இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். தினமும் காலையில் திரையை விலக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வாரே, "இன்று மழை இல்லை" என்று அர்த்தம் என நாமாக முடிவுசெய்து குடையை விட்டுவிட்டுப் போய் நனைந்தோமே. கடைசி நாளில்தான் தெரிந்தது, அதற்கு "எழுந்திருங்கள்" என்று பொருள். அந்தப் பக்கத்துக்கு இதை அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

பஸ் டிக்கெட் வைக்கும் பக்கத்துக்கு அட்டை போதவில்லை, இங்கேயே எழுதுகிறேன். ஏரிக்குப் போகிற பஸ்ஸில் நமக்கு முன் சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வெளியே ஏரி வந்தது, நீங்கள் பார்க்கவில்லை. திடீரென்று கைப்பையிலிருந்து வளைந்த ஊசியை எடுத்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பேசாமல் வாங்களேன், அவர்கள் பஸ், அவர்கள் பாடு என்று நான் கிசுகிசுத்தது நினைவிருக்கிறதா? அதற்கு நீங்கள் தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "இந்தச் சீட்டுல நாளைக்கும் யாராவது உக்காருவாங்கல்ல?"

கண்ணாடியில் பார்த்த டிரைவர், சீட்டைக் கிழிக்கிறீர்கள் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேகமாக வந்தார். வந்தவர் தையலைத் தடவிப் பார்த்தார். இன்னொரு முறை தடவினார். பிறகு பயணிகள் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ பேசினார். நமக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். நாம் இறங்கும்போது அவரே இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய பெரிய அதிகாரிகள் பேசுவதையெல்லாம் வேலையில் கேட்டிருக்கிறேன். ஆனால் செய்கிற வேலையின் மேல் இத்தனை பிரியம் உள்ள ஒருவரோடு அதுவரை நான் ஒரே அறையில் தங்கியதில்லை.

இங்கே எல்லோரும் நலம். தைலம் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
பையனின் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தைலம் தடவிக்கொண்டுதான் எழுதுகிறேன், காகிதத்தில் வாசனை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் திரும்பியதா? அந்தக் குரல் போனால் எனக்குப் பொறுக்காது.

நீங்கள் என் ஊசியைப் பற்றி எழுதினீர்கள். ரோப் கார் பக்கத்துக்கு நானே அட்டை எழுதிவிட்டேன், எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள்.

பாதி மலையில் அந்தப் பெட்டி அப்படியே நின்றது. கீழே பார்த்தால் மரமெல்லாம் புல் மாதிரி. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ஒரு தடியான ஆள் கதவை அடிக்கிறார். அவர் அடிக்க அடிக்கப் பெட்டி ஆடுகிறது. நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது நீங்கள் எழுந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எக்ஸ்சேஞ்சு குரலில் சொன்னீர்கள்: "தயவுசெய்து இணைப்பில் இருங்கள். லைன் வந்துகொண்டிருக்கிறது."

சுத்தத் தமிழில். அங்கே யாருக்கு என்ன புரியும்? ஆனால் கதவை அடித்த ஆள் கையை இறக்கினார். அழுதவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உங்களையே பார்த்தாள். நீங்கள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதையே, அதே நிதானத்தில், பெட்டி மறுபடி நகரும் வரைக்கும் சொன்னீர்கள். அர்த்தம் புரிந்தது எனக்கு மட்டும்தான், அதனால் பயத்திலும் சிரித்தது நான் மட்டும்தான். இறங்கியதும் அந்தத் தடியான ஆள் உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாரே, அதைப் படம் எடுத்தேன். கட்டைவிரல்.

ஆனால் ஒரே ஒரு படம் நன்றாக வந்திருக்கிறது. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், படகுத்துறை. நீங்கள் பலகையின் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி தனியாக நிற்கிறீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிவிட்டேன். அட்டையில் என்ன எழுத? அப்போது என்ன யோசனையில் இருந்தீர்கள்? நான் கூப்பிட்டும் நீங்கள் ரொம்ப நேரம் திரும்பவில்லை.

பாப்பா போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்மா" என்கிறாள். அதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமா? அவர்கள் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறார்களா?

சம்பந்தியின் முழங்காலுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


மே 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். உங்கள் கழுத்து குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். இவரை முழங்காலுக்காக டாக்டரிடம் கூட்டிப்போவதும் வருவதுமாக நாள் ஓடிவிட்டது. நடக்கச் சொல்கிறார் டாக்டர். இவர் வீட்டு வாசல்வரை நடந்துவிட்டு உலகத்தைச் சுற்றியதுபோல் வந்து உட்காருகிறார்.

ரோப் கார் அட்டையில் பிழை ஒன்றும் இல்லை, புகழ்ச்சிதான் அதிகம். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் பயம்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆபரேட்டர் சொல்லிக்கொடுத்தார், லைன் கிடைக்குமா என்று நமக்கே தெரியாதபோதுதான் குரல் இறங்காமல் இருக்க வேண்டும் என்று. அந்தப் பழக்கம்தான்.

இதோடு மூன்று அட்டைகள் வைத்திருக்கிறேன். சந்தையில் பொத்தான் விற்ற கிழவர், நீங்கள் ஒரு பொத்தானைப் பல்லால் கடித்துப் பார்த்ததும் தானும் ஒன்றைக் கடித்துக் காட்டியது ஒன்று. மழைக்கு ஒதுங்கிய ரொட்டிக்கடையில், அடுப்பு வாயிலிருந்து வந்த சூட்டில் நம் காலுறைகளைக் கடைக்காரப் பெண் கேட்காமலே வாங்கி உலர்த்தியது ஒன்று. ரயிலில் எதிரே உட்கார்ந்த அம்மாள் தன் பேரனின் படத்தைக் காட்ட, நீங்கள் பதிலுக்குப் பாப்பாவின் கல்யாணப் படத்தைக் காட்டியது ஒன்று. "எம் பொண்ணு. இவங்க பையனுக்குத்தான் குடுத்திருக்கேன். அதனாலதான் இவங்க எனக்குக் கிடைச்சாங்க" என்று அந்த அம்மாளிடம் தமிழிலேயே சொன்னீர்கள். அப்படியே எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகள் இருவருக்கும் வேலை அதிகம்தான்.

வெயிலில் வெளியே அலையாதீர்கள்.

அன்புடன்,
பையனின் அம்மா


மே 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் களைத்திருப்பதுபோல் எழுத்தில் தெரிகிறது. கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பார்த்தீர்களா?

ஆல்பம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். என்னை நம்பாத அந்த வேன்காரர் ரோப் கார் அட்டையை மூன்று தரம் வாசித்துவிட்டு, "அந்தம்மா இங்க வருவாங்களா?" என்று கேட்டார். வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறேன். ஒரு ஸ்கூல் வண்டிக்காரர், அவருடைய பெண்டாட்டிக்கும் ஒரு தடவை கடல் பார்க்க ஆசை என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். உங்கள் எழுத்துக்கு அவ்வளவு சக்தி. நான் டிக்கெட்டைத்தான் பையில் வைத்தேன். அதற்குள் ஆளை உட்காரவைத்தது நீங்கள்தான்.

படகுத்துறைப் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. நீங்கள் பதில் எழுத மறந்துவிட்டீர்கள்.

பாப்பா இங்கே வந்திருந்தாள், தனியாக. பெரிய பெட்டியோடு வந்தாள், அதே பெட்டியோடு திரும்பினாள். திறந்ததாகவே தெரியவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக வாசித்தாள். ரயில் பக்கத்துக்கு வந்ததும் மூடிவிட்டு, தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்றால் ஆபீஸ் என்கிறாள். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை. பெற்ற வயிறு, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினாலும் நம்பிவிடுவேன்.

சம்பந்திக்கு வணக்கம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


ஜூன் 30

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் கழுத்தையும் தூக்கத்தையும் பற்றி எழுதுங்கள்.

மருமகள் என்னிடம் எப்போதும்போல் பிரியமாகத்தான் இருக்கிறாள். என் மகளாக இருந்திருந்தாலும் இதைவிட இருந்திருக்க முடியாது. உங்களிடம் பேச வேண்டியதை அவளே பேசுவாள்.

படகுத்துறைக்கு, அன்று காற்று அதிகமாக இருந்தது என்று எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
பையனின் அம்மா


ஆகஸ்ட் 14

வணக்கம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் அழுத்தம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாப்பா வந்து சொல்லிவிட்டாள். "அம்மா, நாங்க பிரியப் போறோம்" என்றாள். யார் மேல் தப்பு என்றுதான் முதலில் கேட்டேன். எந்த அம்மாவும் அதைத்தானே கேட்பாள். "யார் மேலயும் இல்லம்மா. நாங்க சண்டை போட்டே ரொம்ப நாளாச்சு. ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம். அவரும் நல்லவர்தான். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வரணும்னு ரெண்டு பேருக்குமே தோணல" என்றாள்.

பிறகு சொன்னாள், "அத்தைக்குத் தெரியும்" என்று. எப்போதிலிருந்து என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே."

அதற்கப்புறம் ஆல்பத்தைத் திறந்து பார்த்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் நீங்கள் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ரயிலில் நான் கல்யாணப் படத்தைக் காட்டிப் பெருமை பேசியபோதும் உங்களுக்குத் தெரியும். அதை அட்டையில் வேறு எழுதி அனுப்பினீர்கள். நம்புவேன் என்று நான் எழுதினேன். காற்று அதிகம் என்று நீங்கள் எழுதினீர்கள்.

ஆல்பத்தைக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். உங்களிடமே இருக்கட்டும். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 29

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆல்பம் வந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, முழங்காலைச் சாக்கு வைத்துத் தான் வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மருமகள் என் சமையலறைக்கு வந்தாள். பாத்திரம் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. நான் கேட்டேன், உன் அம்மாவிடம் நான் பேசட்டுமா என்று. அப்போதுதான் அழுதாள். "வேணாம் அத்தை. அம்மா போயிட்டு வரட்டும். அப்பா போனதுக்கப்புறம் அவங்க ஒரு நாள்கூட கடையை மூடுனதில்ல. இது தெரிஞ்சா பெட்டியைக்கூட எடுக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு இது ஒண்ணாவது முழுசா கிடைக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் நீங்க சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபிறகு பிள்ளைகள் இருவரும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். நானும் ஆசையோடு பார்த்தேன். அது அவள் வாழ்க்கை, அவள் வாயால்தான் உங்களுக்கு வர வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்காக நீங்கள் என்னைக் கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றில் நீங்கள் தவறாக நினைத்திருக்கிறீர்கள். நான் நடித்தேன் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைக்கிறீர்கள். முதல் நாள் விமானத்தில் நடித்தேன், உண்மை. பஸ்ஸில் நீங்கள் ஊசியை எடுத்தீர்களே, அதற்குப் பிறகு எனக்கு நடிக்க நேரமே கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

படகுத்துறைப் பக்கத்துக்கு அட்டை எழுதிவிட்டேன். அதில் உள்ளதை இங்கேயும் எழுதுகிறேன். அன்று காற்றே இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால்தான் நீங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. பிள்ளைகளுக்காக அழுதேன் என்று நினைப்பீர்கள். அவர்கள் சின்னவர்கள், பிழைத்துக்கொள்வார்கள். இந்த வயதில் எனக்கு ஒரு மனுஷி கிடைத்தாளே, அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் எனக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடுமே என்று அழுதேன். சுயநலம்தான். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆல்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். தைத்தவரிடம்தான் இருக்க வேண்டும். பதில் எழுதாவிட்டாலும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்


அக்டோபர் 6

அன்புள்ள அம்மா,

என்ன என்று கூப்பிடுவது என்று தெரியாமல் இப்படி ஆரம்பித்திருக்கிறேன். நான் நலம், கழுத்தும் நலம். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபமாக இருக்க முயற்சி செய்தேன், தினமும் காலையில் ஆரம்பிப்பேன், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். வெட்கம்தான் காரணம். என் மகள் எனக்காக இத்தனை யோசித்திருக்கிறாள். அவளுக்கு வீடு உடைகிறது, அந்த நேரத்தில் அம்மாவுக்கு லீவு வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நீங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறீர்கள். நானோ சீட்டைத் தைத்தேன், பொத்தானைக் கடித்தேன், குறட்டைவிட்டேன். ரோப் காரில் நீங்கள் எல்லோரையும் அமைதிப்படுத்தியபோது உங்கள் நெஞ்சில் அந்தப் பாரம் இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு உங்கள் காலைத் தொட வேண்டும்போல் இருக்கிறது. நான் பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்தவள். சத்தம் போடாமல் பாரம் இழுக்கிற வண்டி எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் வரும்போது முகம் தெளிவாக இருக்கிறது, நானே பார்க்கிறேன். உங்கள் மகன் வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். இப்படி நல்ல பிள்ளைகளாக இருந்துகொண்டு எதற்குப் பிரிகிறார்கள் என்று நான் அவர்கள் இருவரையும் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

உங்கள் அட்டையைப் படகுத்துறைப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மற்ற அட்டையெல்லாம் பையில் இருக்கிறது, எடுக்கலாம், வைக்கலாம். இதை மட்டும் நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துவிட்டேன்.

கோர்ட்டில் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் பாப்பாவோடு வருகிறேன். நீங்களும் வருவீர்கள் அல்லவா?

சம்பந்தியை, மன்னிக்கவும், உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா


நவம்பர் 25

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்ததாக மருமகள் போனில் சொன்னாள். மருமகள் என்றே எழுதுகிறேன், வேறு வார்த்தைக்கு நாக்கு திரும்பவில்லை. எனக்கு இப்போது தலைசுற்றல் இல்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன்.

அன்று கோர்ட்டில் நான் மயங்கி விழுந்ததற்கு எல்லோரும் வேறு காரணம் நினைக்கிறார்கள். காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் இருவரும் அந்த மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டதையும், போட்டு முடித்ததும் என் மகன் பேனாவை மூடி அவளிடம் கொடுத்ததையும், அவள் "தேங்க்ஸ்" என்றதையும் திடமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் இறங்கும்போதுதான் கண் இருட்டியது. நீங்கள் பின்னால் இல்லாவிட்டால் உருண்டிருப்பேன்.

கீழே அந்த முதலுதவி அறையில் என்னைக் கட்டிலில் படுக்கவைத்தபோது நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன், காதை அல்ல. நர்ஸ் உங்களிடம் கேட்டாள், "கூட வந்தது நீங்களா? இவங்களுக்கு என்ன வேணும் நீங்க?" என்று.

காலைவரை அதற்கு ஒரு சொல் இருந்தது, மாடியில் இப்போதுதான் அதை முடித்துவிட்டு வந்திருந்தோம். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று படுத்தபடியே காத்திருந்தேன். தெரிந்தவர் என்று சொல்வீர்களோ என்று பயமாக இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஊருக்குப் போனவங்க" என்றீர்கள்.

அவளுக்குப் புரியவில்லை. எந்த ஊருக்கு என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டாள். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். ரொட்டிக்கடையில் நம் காலுறைகள் காய்ந்த கதை. நர்ஸ் என் கையில் கட்டிய ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்ற மறந்து நின்று கேட்டாள். கதவோரத்தில் நம் பிள்ளைகள் இருவரும் வந்து நின்றார்கள். அவர்கள் எடுத்துக் கொடுத்த டிக்கெட் அல்லவா, அவர்களும் கேட்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். ஆனால் கடைக்காரப் பெண் நமக்குக் காப்பி கொடுத்தாள் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு மேல் என்னால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க முடியவில்லை.

"காப்பி இல்ல, சூப்பு" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

மீதியை இருவரும் சேர்ந்து சொல்லி முடித்தோம். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் காப்பி என்று இருந்தால் திருத்திவிடுங்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு தையுங்கள்.

அன்புடன்,
கூட வந்தவள்